மணல் என்று எழுதிய மணிநேரங்கள்

நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. மங்கையர்க்கரசி தன் வாழ்க்கையில் பன்னிரண்டு வருஷத்தைச் செலவழித்தது இந்த ஒரு எண்ணின் மேல்தான். வீட்டில் யாராவது, "அங்க என்னதான் தேடறீங்க?" என்று கேட்டால், "தேடறது வேற, நான் எண்ணறது வேற. எது நாங்க தேடறது இல்லையோ, அதைத்தான் எண்ணிட்டிருக்கேன்" என்பார். கேட்டவர்கள் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

விஷயம் என்னவோ எளிதுதான். அணு உலையிலிருந்து ஒரு குழாய் வழியாக நியூட்ரான்கள் வரும். குழாயின் முடிவில் ஆள் உயரத்தைவிடத் தடிமனான சுவர். எந்த நியூட்ரானும் அதைத் தாண்டாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தொட்டி, தொட்டியைச் சுற்றி டிடெக்டர். நாம் இருக்கும் இடத்திலேயே, நம்மோடு ஒட்டாமல் இன்னொரு உலகம் மறைந்திருக்கிறது என்று ஒரு கருத்து உண்டு. அது நிஜமானால், சில நியூட்ரான்கள் வழியிலேயே அந்த உலகத்தைச் சேர்ந்ததாக மாறிவிடும். அப்புறம் சுவர் அவற்றுக்குச் சுவரே இல்லை. தாண்டிப்போய், மறுபடி நம்முடையதாக மாறினால், டிடெக்டர் ஒன்று கூட்டிச் சொல்லும்.

சிக்கல் என்னவென்றால், யாரும் எதையும் அனுப்பாதபோதும் டிடெக்டர் வாயை மூடிக்கொண்டு இருக்காது. வானத்திலிருந்து வந்து விழுவது, கருவியின் உலோகத்திலேயே ஊறியிருப்பது என்று எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும். அதற்குப் பெயர் பின்னணி. குழாயின் ஷட்டரை மூடிவிட்டு அதைத் தனியாக அளக்க வேண்டும். திறந்தபோது வந்ததிலிருந்து மூடியபோது வந்ததைக் கழித்தால், மிச்சம் இருப்பது மறைந்த உலகம். மங்கையர்க்கரசிக்கு மிச்சம் எப்போதும் பூஜ்யம்தான். "இல்லை" என்று அவர் எழுதிய கட்டுரையைப் பல நாட்டுக்காரர்கள் மேற்கோள் காட்டினார்கள். அவ்வளவு சுத்தமான "இல்லை" வேறு யாரிடமும் கிடையாது.

உலையை அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நிரந்தரமாக அணைக்கப் போகிறார்கள். அந்த மாதக் கடைசியில் அவருக்கும் ஓய்வு. இரண்டு பேரும் ஒன்றாக மூட்டை கட்டுகிறோம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, டீ வரும் நேரத்தில் நஃபீசா மடிக்கணினியோடு அறைக்குள் வந்தாள். காயல்பட்டினத்துப் பெண். பழைய பதிவுகளையெல்லாம் ஒழுங்குபடுத்திச் சேமிக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

"மேடம், முதல் வருஷத்துப் பின்னணிக் கணக்குல முந்நூத்தி அறுபது மணி நேரத்தைச் சேர்க்காமலே விட்டிருக்கு. காரணம்ங்கிற இடத்துல 'மணல்'னு ஒரே ஒரு வார்த்தை. மணல்னா என்ன?"

மங்கையர்க்கரசி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பதினொரு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி அது.

"கடற்கரை மணல். புன்னைத்துறையில கருமணல் இருக்குல்ல, அதுல தோரியம் உண்டு. ஒரு டெக்னீஷியன் செருப்புல ஒட்டி உள்ள வந்துடுச்சு. எண்ணிக்கை ஏறிப்போச்சு. அதனால தள்ளிவெச்சோம்."

"எண்ணிக்கை ஏறினது நிஜம். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்துல பத்தொன்பது." நஃபீசா திரையைத் திருப்பிக் காட்டினாள். "சும்மாதான் எல்லா மணி நேரத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிப் பார்த்தேன். ஷட்டர் திறந்திருக்கறப்போ பன்னிரண்டு. மூடறோம். பத்து நிமிஷம் வரைக்கும் அதே பன்னிரண்டு. பதினோராவது நிமிஷம் பத்தொன்பது. திறந்தா மறுபடி பன்னிரண்டு. ஒரு தடவை இல்ல மேடம், நூத்தி நாற்பது தடவை. ஷட்டர் மூடியிருக்கா, திறந்திருக்கான்னு மணலுக்கு எப்படித் தெரியும்?"

கோட்டின் ஏற்றமும் இறக்கமும் படிக்கட்டு மாதிரி துல்லியமாக இருந்தன.

"நாம மூடறப்போ யாரோ திறக்கறாங்க" என்றாள் நஃபீசா. அவள் குரல் தாழ்ந்திருந்தது. "நம்ம நியூட்ரான் இங்க தெரியணும்னா ரெண்டு தடவை மாறணும். அங்கேர்ந்து வர்றது ஒரே தடவை மாறினா போதும். அதனாலதான் நம்மோடது நமக்குத் தெரியல, அவங்களோடது தெரியுது. நாம அனுப்பினது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நாம நிறுத்தினதும், முடிச்சுட்டமான்னு பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துட்டு, அவங்க பேசறாங்க. நாம ஆரம்பிச்சா நிறுத்திடறாங்க. மரியாதை தெரிஞ்சவங்க."

"அந்த டெக்னீஷியன் போனதும் ஏறுறது நின்னுபோச்சே" என்றார் மங்கையர்க்கரசி. தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. "அதை வெச்சுத்தான் மணல்னு உறுதி பண்ணினோம்."

நஃபீசா தயங்கினாள். "அதே வாரம் நீங்க ஒரு உத்தரவு போட்டிருக்கீங்க மேடம். உலை நேரம் வீணாகுது, பின்னணிக்கு இனிமே பத்து நிமிஷத்துக்கு மேல மூட வேண்டாம்னு."

பத்து நிமிஷம். அவர்கள் வாய் திறப்பது பதினோராவது நிமிஷத்தில். உலை அணைந்திருக்கும் பராமரிப்பு மாதங்களில் டிடெக்டரையும் சேர்த்தே அணைத்துவிடுவார்கள். ஆக, பதினொரு வருஷமாக அவர்களை ஒரு வார்த்தை பேசவிடாமல் இவரே கத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

நஃபீசா போன பிறகும் மங்கையர்க்கரசி எழுந்திருக்கவில்லை. டீ ஆடை கட்டிக் கிடந்தது.

அந்த டெக்னீஷியனின் பெயர் ததேயூஸ். புன்னைத்துறைக்காரர், மீன்பிடிக் குடும்பத்தில் முதலில் பாலிடெக்னிக் படித்தவர். பின்னணி அளக்கும் வேலை அவருடையது. ஷட்டரை மூடிவிட்டு, யாரும் கூடத்துக்குள் நடமாடாமல் பார்த்துக்கொண்டு, ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்து எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்களுக்கு அது தூக்கம் வரும் வேலை. அவருக்குப் பிடித்திருந்தது. கடலில் மிதவையைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத்தான் என்று சொல்வார். ஒரு நாள் வந்து, "மேடம், நம்ம மூடுனா ஏறுது, தெறந்தா எறங்குது. இது சும்மா இல்ல மேடம். அங்க ஆளு உண்டு" என்றார்.

மங்கையர்க்கரசிக்கு அன்று சுள்ளென்று கோபம் வந்தது. ஒன்பது நாளில் வெளிநாட்டிலிருந்து எட்டு நிபுணர்கள் சோதனையைப் பரிசீலிக்க வருகிறார்கள். பின்னணியே நிலையாக இல்லை என்றால் கருவியைச் சரியாகக் கட்டவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கருவியைக் கட்டி நிறுத்த ஆன ஆறு வருஷ உழைப்பு. ஏதாவது ஒரு காரணம் வேண்டும், உடனே வேண்டும். யாரோ ஒருவர் கதிர்வீச்சு மீட்டரை எடுத்து வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகளின் மேல் காட்டினார். ததேயூஸின் செருப்பில் மீட்டர் படபடவென்று அடித்தது. காலையில் கடற்கரையில் வலையை உதறிக் கொடுத்துவிட்டு நேராக வேலைக்கு வருகிறவரின் செருப்பு அது, அடிக்காமல் என்ன செய்யும்? பழியைத் தூக்கி அவர் தலையில் கட்டினார்கள். கையெழுத்துப் போட்டது மங்கையர்க்கரசி.

பாதுகாப்புப் பிரிவு அதோடு விடவில்லை. ஊர்க்காரர்களுக்கு அறிவுரை என்று ஒரு கடிதம் எழுதி, புன்னைத்துறைக் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பிறகு மைக்கில் வாசிக்க வைத்தார்கள். ஆய்வுக்கூடத்துக்குள் கதிர்வீச்சு மணலைக் கொண்டுவந்த ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார், மற்றவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும் என்று. பெயர் போடவில்லை. ஊரில் அந்த வேலையில் இருந்தது ஒரே ஆள். பெயர் எதற்கு?

தக்கலையில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் மிக்ஸி, ஃபேன், மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும் கடை. சனிக்கிழமை மத்தியானம் மங்கையர்க்கரசி அங்கே போய் நின்றபோது, ததேயூஸ் ஒரு மிக்ஸி மோட்டாரில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார், சுற்றை நிறுத்தவில்லை.

"இருங்க மேடம். எண்ணிக்கை தப்பிரும்."

அவர் சுற்றி முடிக்கும்வரை மங்கையர்க்கரசி நின்றார். அப்புறம் நஃபீசா காட்டிய தாளை மேஜையில் விரித்து, எல்லாவற்றையும் சொன்னார். ததேயூஸ் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து ஏறி இறங்கிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்த்தது இவருடைய அசட்டுத்தனம்.

"பதினோராவது நிமிஷம். நான் அப்பமே உங்ககிட்ட சொன்னேன்லா?"

"சொன்னீங்க."

"மணலால நியூட்ரான் வராதுன்னும் சொன்னேன்."

"சொன்னீங்க."

"நீங்க படிச்சவிய. உங்களுக்கு அது தெரியாதா மேடம்?"

வழியெல்லாம் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். அவசரம், அழுத்தம், கமிட்டி என்று. அவர் முகத்தைப் பார்த்ததும் அது எதுவும் வாயில் வரவில்லை.

"தெரியும். அன்னைக்கே தெரியும். செருப்பு வெளியில கிடந்தது, டிடெக்டர் முப்பதடி தள்ளி சுவருக்குள்ள இருந்தது. ஒரு முதலாம் வருஷ மாணவன்கூட ஒத்துக்க மாட்டான். எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்துச்சு ததேயூஸ். நீங்க கைக்குக் கிடைச்சீங்க."

ததேயூஸ் எழுந்து ஃபேனை நிறுத்தினார்.

"எங்க வீட்டுக்காரி பிலோமி சந்தையில மீன் விப்பா. கோயில்ல அந்தக் கடிதாசி வாசிச்ச மறுநாளு அவ கடவப்பெட்டியில ஒரு மீனு போவல. லேப்புக்காரனே உள்ள விடாத ஆளு, அவன் வீட்டு மீனுல கதிரு இருக்கும்னு பேச்சு. ஒரு மாசம் பாத்தோம். மக ஷைனிக்கு ஒரு எடம் பேசி முடிச்சிருந்து. பிள்ள பெத்தா கொறையா பொறக்கும்னு சொல்லி அவிய வெலகிட்டாவ. பொறவுதான் ஊர விட்டு இங்க வந்தோம். அவ இப்பம் திருவனந்தபுரத்துல நர்ஸு. கல்யாணம்னு பேச்செடுத்தா போனை வச்சிருவா."

மங்கையர்க்கரசி மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். ஆனால் அந்த வார்த்தை இந்த மேஜைக்கு முன்னால் ரொம்பச் சின்னதாக இருந்தது. சின்னதென்று தெரிந்தும் கேட்டார். ததேயூஸ் தாளை மடித்து அவர் பக்கம் தள்ளினார்.

"வெள்ளிக்கிழமை உலையை அணைக்கறாங்க" என்றார் மங்கையர்க்கரசி. "அன்னைக்குக் காலையில ஷட்டரை மூடிட்டு மணிக்கணக்கா எண்ணப்போறோம். முதல்ல கேட்டது நீங்க, நீங்க இல்லாம எண்ண வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்க வந்து உட்காரணும்."

"வாறேன். ரெண்டு காரியம் உண்டு." ததேயூஸ் விரல் விட்டு எண்ணவில்லை, நேராகப் பார்த்துச் சொன்னார். "அந்தக் கடிதாசி எங்க வாசிச்சாவளோ அங்கயே, அதே மைக்குல, அது மணலு இல்லன்னு வாசிக்கணும். சாமியாரு இல்ல, நீங்க. வெள்ளிக்கெழம நான் செருப்போடதான் உள்ள வருவேன். புன்னைத்துறை கடப்புறத்துல எறங்கி நடந்துட்டுத்தான் வருவேன்."

அடுத்த நாளே ஞாயிறு. மங்கையர்க்கரசி மயிலாடுதுறைப் பக்கத்துச் சைவக் குடும்பம். புன்னைத்துறைக் கோயிலுக்குள் அன்றுதான் முதல் தடவையாகக் கால் வைத்தார். பூசை முடிந்து, பங்குத்தந்தை அந்த வாரத்து அறிவிப்புகளை வாசித்தார். அன்பியக் கூட்டம், கல்யாண ஓலை வாசிப்பு, படகுக்கு டீசல் மானியம். கடைசியில், "இவிய ஒரு காரியம் சொல்லணும்னு வந்திருக்காவ" என்று ஒதுங்கிக்கொண்டார்.

எழுதிக் கொண்டுவந்த தாளில் நாலே வரி. ததேயூஸின் மேல் சொன்ன குற்றம் பொய். அவர் செருப்பில் இருந்த மணலால் எங்கள் கருவிக்கு எதுவும் ஆகவில்லை. அவர் சொன்னதுதான் சரி. மணல் காரணமில்லை என்பது எனக்கு அன்றே தெரியும். கடைசி வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் நாளைக்கு ஓய்வூதியத்தில் கை வைக்க யாருக்கும் காரணம் கிடைத்திருக்காது, உலகம் மேற்கோள் காட்டிய கட்டுரையையும் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று கௌரவமாகத் திரும்பப் பெற்றிருக்கலாம். அதையும் வாசித்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் மட்டும் எழுந்து நின்றார். சண்டைக்கு வந்த குரல் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

"அப்பம் ஷைனிக்குப் பேசுன கல்யாணம்?"

மங்கையர்க்கரசி கையிலிருந்த தாளைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அவரிடம் ஐந்தாவது வரி இல்லை. யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். பங்குத்தந்தை வந்து மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டார். கடைசி வரிசையில், தக்கலையிலிருந்து வந்திருந்த பிலோமி முக்காட்டை இழுத்துவிட்டபடி தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ததேயூஸ் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கால் முட்டிவரை கருமணல் ஒட்டியிருந்தது, செருப்பு அடிக்கு அடி அதை உதிர்த்தது. வாசலில் இருந்த பாதுகாப்பு ஊழியர் மீட்டரை எடுத்துக்கொண்டு எழுந்தார். மங்கையர்க்கரசி அவரை உட்காரச் சொன்னார்.

"உள்ள வாங்க."

ததேயூஸ் செருப்போடு கூடத்துக்குள் நடந்தார். பளபளவென்று துடைத்த தரையில் கறுப்புத் தடம் விழுந்துகொண்டே வந்தது. பழைய ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது. அவர் ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, திரையைப் பார்த்தார். நஃபீசா ஷட்டரை மூடினாள். மணி பத்து.

பன்னிரண்டு. பதினொன்று. பதின்மூன்று. பன்னிரண்டு.

யாரும் அசையவில்லை. பத்தாவது நிமிஷம் முடிந்தது.

பதினோராவது நிமிஷம்: பன்னிரண்டு.

பன்னிரண்டாவது நிமிஷம்: பன்னிரண்டு.

அரை மணி ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. கோடு தரையில் படுத்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. டிடெக்டருக்குப் பத்தடி தூரத்தில், கால் நிறையக் கருமணலோடு ஒரு மனிதர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். எண்ணிக்கை ஒன்றுகூட ஏறவில்லை. இதைவிடத் தெளிவான சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. ஆனால் அதே பன்னிரண்டு இன்னொன்றையும் சொன்னது. அந்தப் பக்கத்திலிருந்து இப்போது யாரும் பேசவில்லை. ஒரே எண் ததேயூஸை விடுதலை செய்தது, அந்த ஆட்களையும் இல்லாமல் ஆக்கியது.

"பதினொரு வருஷம்" என்றாள் நஃபீசா. அவள் கண் கலங்கிவிட்டது. "அவங்க முறை வர்றப்போ எல்லாம் நாம திறந்துட்டே இருந்திருக்கோம். அலுத்துப்போய் நிறுத்தியிருப்பாங்க மேடம்."

மங்கையர்க்கரசி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நூற்று நாற்பது தடவை வந்து கூப்பிட்டிருக்கிறார்கள். நூற்று நாற்பது தடவையும் இவர் 'மணல்' என்று எழுதினார். மனித குலத்துக்கே வந்த பதில் என்று நாளைக்குப் பத்திரிகைகள் பெரிதாக எழுதும். இவருக்கு என்னவோ அந்தக் கடைசி வரிசை முக்காடுதான் கண்ணிலேயே நின்றது.

மத்தியானம் இரண்டு மணிவரை எண்ணினார்கள். அப்புறம் ததேயூஸ் ஸ்டூலிலிருந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெட்டி முறித்தார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது. கசந்த சிரிப்பு.

"அலுத்தெல்லாம் போயிருக்க மாட்டாவ பிள்ள" என்று நஃபீசாவிடம் சொன்னார். "நம்ம கத்திட்டுதான கெடந்தோம், அவியளுக்கு நம்ம சத்தம் இப்பமும் கேக்கும். அங்கயும் ஸ்டூல்ல ஒருத்தன் இருந்து, ஏறுது மேடம், ஆளு உண்டுன்னு சொல்லியிருப்பான்."

"அப்புறம் ஏன் பதில் வரல?"

ததேயூஸ் மங்கையர்க்கரசியைப் பார்த்தார்.

"அங்கயும் ஒரு மேடம் இருந்திருப்பாவ."

அவர் வாசல்வரை போய், திரும்பி வந்து, மூலையில் இருந்த துடைப்பத்தை எடுக்கப் போனார். பழைய பழக்கம். மங்கையர்க்கரசி முந்திக்கொண்டு அதைக் கையில் வாங்கினார். ஆனால் பெருக்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அந்தப் பக்கத்து ஸ்டூலுக்குக் கேட்கட்டும் என்று ஷட்டரைத் திறக்கச் சொன்னார். நான்கு மணிக்கு உலையை அணைக்கும்வரை அது திறந்தே இருந்தது.